ஒரு இறகு, ஏழு சுத்து: ஃப்ளை கட்டுறவங்களுக்கு ஹாக்கிள் பாடம்

தூண்டில் முள்ளில புழு குத்துவாங்க, இல்லேன்னா மைதா மாவு உருண்டை வைப்பாங்க. இது எல்லாருக்கும் தெரிஞ்ச மீன்பிடி. ஆனா அதே முள்ளு மேல நூல், இறகு, விலங்கு முடி எல்லாம் வச்சு ஒரு பூச்சி மாதிரியே கட்டி, அதைத் தண்ணி மேல மிதக்க விட்டு மீனை ஏமாத்துற ஒரு வேலையும் இருக்கு. இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் இதுக்குப் பல நூற்றாண்டு வரலாறு உண்டு. அப்படிக் கட்டுறதுக்குப் பேர் ஃப்ளை. 'ஈ'ன்னு மொழிபெயர்த்தா மெஸ் ஞாபகம் வருது, அதனால ஃப்ளைன்னே வச்சுக்குவோம்.

யூட்யூப் பார்த்து இதைக் கத்துக்க ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் ஒரே இடத்துலதான் விட்டுட்டுப் போறாங்க. உடம்பு கட்டுறது சுலபம், வால் கட்டுறது சுலபம். கடைசியில ஒரு சேவல் இறகை முள்ளைச் சுத்திச் சுத்தணும். அந்த இறகுதான் ஹாக்கிள். அங்க இறகு திரும்பிக்கும், இழைகள் நாலு திசையிலயும் துருத்திக்கிட்டு நிக்கும், தண்டு உடையும், ஃப்ளை பார்க்க மழையில நனைஞ்ச கோழிக்குஞ்சு மாதிரி ஆயிடும். "எனக்குக் கை வராது"ன்னு வைஸைக் கழட்டி வச்சுடுவாங்க. உண்மையில கை மேல குத்தம் ரொம்பக் கம்மி. இறகோட வடிவம், தண்டோட வளைவு, நூலோட உராய்வு, இந்த மூணும் தெரிஞ்சா பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துடும். மூணுமே நாம செமஸ்டர்ல எழுதித் தள்ளின விஷயங்கள்தான்.

மிதக்கிறது எதனால?

மேஃப்ளை மாதிரி பூச்சிகள் ஆத்துத் தண்ணியோட மேல்பரப்புல காலை ஊன்றி நிற்கும். ட்ரௌட் மீன் கீழ இருந்து பார்க்குது. அதுக்குத் தெரியறது பரப்பை அழுத்துற காலோட குழிகளும் மேல ஒரு நிழலும்தான். ஹாக்கிள் செய்யறது ரெண்டு வேலை. ஒண்ணு, காலா நடிக்கணும். இன்னொண்ணு, இரும்பு முள்ளை மூழ்காம தாங்கணும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஃப்ளையோட எடை 50 மில்லிகிராம்னு வைங்க. அப்போ கீழ இழுக்கிற விசை சுமார் 0.49 மில்லி நியூட்டன். தண்ணியோட பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். ஒரு இழை தண்ணி மேல படுத்துக்கிட்டா ரெண்டு பக்கமும் பரப்பு அதைத் தாங்கும், அதனால மொத்தம் 3.4 மி.மீ. நீளம் படுத்தாலே எடை சமாளிச்சுடும். ஆனா இழை செங்குத்தா நுனியில நின்னா கதை வேற. நுனியோட விட்டம் 0.05 மி.மீ.ன்னு எடுத்தா, ஒரு நுனி தாங்கறது அதிகபட்சம் 0.011 மில்லி நியூட்டன். 40க்கு மேல நுனிகள் ஒண்ணா நிக்கணும். அதாவது ஃப்ளை நுனிக்காலில நடனமாடுற மாதிரி நிக்கும்னு சொல்றது கொஞ்சம் கவிதை. நிஜத்துல இழைகள் சாய்வா பரப்பைத் தொட்டு லேசா வளையுது, வால் ஒரு பங்கு தாங்குது. இது சும்மா தோராயக் கணக்குதான், தண்ணி ஒட்டாத இழைன்னு வச்சுப் போட்டது. ஆனா இதுல இருந்து ரெண்டு விஷயம் தெளிவாகுது. இழை விறைப்பா இருக்கணும், தண்ணியை உறிஞ்சக் கூடாது. முள்ளைச் சுத்தி எல்லாப் பக்கமும் சமமா பரவி இருக்கணும். இழைகள் எல்லாம் ஒரே பக்கம் குவிஞ்சா மறுபக்கம் சாஞ்சு மூழ்கிடும்.

எந்த இறகு?

தண்ணி மேல மிதக்கிற ஃப்ளைக்கு வளர்ந்த சேவலோட கழுத்து இறகு, இல்லேன்னா முதுகுல வாலுக்கு முன்னாடி தொங்குற இறகு. முதல்ல சொன்னது கேப், ரெண்டாவது சேடில். இறகோட அடிப்பக்கம் பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கும் பாருங்க, அதுல ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிற நுண்ணிய கொக்கிகள் இருக்காது. அந்தப் பகுதி தண்ணியைக் குடிக்கும். அதை உருவித் தூக்கிப் போட்டுடணும். நுனிப்பக்கம் இழைகள் தனித்தனியா, பளபளப்பா, ஊசி மாதிரி நிக்குதே, அதுதான் நமக்கு வேணும். பெட்டைக்கோழி இறகு மெத்துன்னு இருக்கிறதால தண்ணிக்கு அடியில போற ஃப்ளைக்கு அது ரொம்ப நல்லது.

பழகிப் பார்க்க காசு செலவு பண்ண வேண்டாம். கறிக்கடையில நாட்டுச்சேவல் உரிக்கும்போது கழுத்து இறகு கேட்டு வாங்குங்க. ஒரு மாதிரி பார்ப்பாங்க, பரவாயில்ல. சோப்புத் தண்ணியில அலசி நிழல்ல காய வச்சா போதும். பிராய்லர் உதவாது. அது சுமார் ஆறு வாரத்துலயே கடைக்கு வந்துடும், அந்த வயசுல கழுத்து இறகு முழுசா வளர்ந்திருக்காது.

நாட்டுச்சேவல் சொன்னதும் இன்னொண்ணு சொல்லணும். ரொம்ப காலம் அமெரிக்காவுல ஃப்ளை கட்டுறவங்க இறக்குமதி பண்ணினது இந்தியாவுல இருந்தும் சீனாவுல இருந்தும் போன சேவல் கழுத்துத் தோலைத்தான். 'இந்தியன் நெக்'னு பேரே உண்டு. அப்புறம் நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலைப்பகுதியில ஹாரி டார்பி, மின்னசோட்டாவுல ஆண்டி மைனர், ஆரிகன்ல ஹென்றி ஹாஃப்மன்னு சிலர் இறகுக்காகவே சேவலைத் தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்து வளர்த்தாங்க. ஹாஃப்மன் வளர்த்தது கறுப்பு வெள்ளை வரி போட்ட சேவல். அந்த வரி இறகுக்கு கிரிஸ்லின்னு பேர். 1989ல் அந்த இனத்தை டாம் வைட்டிங் வாங்கி கொலராடோவுல பெரிய பண்ணையாக்கினார். இப்போ வர்ற சேடில் இறகு அடி முதல் நுனி வரைக்கும் ஒரே அளவு இழையோட, அவ்வளவு நீளமா இருக்கு. ஒரே இறகுல பல ஃப்ளை கட்டலாம். 2011ல் அமெரிக்கப் பொண்ணுங்க மத்தியில இந்த வரி இறகைத் தலைமுடியில சேர்த்துக்கிற ஃபேஷன் வந்தப்போ, மீன் பிடிக்கிறவங்க கடைக்குப் போய் வெறுங்கையோட திரும்பினாங்க. சலூன்காரங்க எல்லாத்தையும் வாங்கிட்டாங்க!

இங்கயே ஒரு எச்சரிக்கை. சால்மன் மீனுக்கான பழைய பிரிட்டிஷ் ஃப்ளைகள்ல மஞ்சள் மெழுகு சொட்டின மாதிரி புள்ளி வச்ச ஒரு இறகு கன்னத்துல இருக்கும். அது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில கூவுற சாம்பல் காட்டுக்கோழிச் சேவலோட கழுத்து இறகு. ஒரு காலத்துல அதுக்காகவே இந்தப் பறவைகளை வேட்டையாடி ஏற்றுமதி செஞ்சாங்க. இப்போ 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல அது பாதுகாக்கப்பட்ட பறவை. நீலகிரி, தேனி, திருநெல்வேலிப் பக்கத்து நண்பர்கள் யாராவது "எங்க ஊர்ல கிடைக்கும் மச்சி, கொண்டு வரவா"ன்னு கேட்டா, வேண்டாம்னு சொல்லுங்க. கட்டின ஃப்ளையோட அழகுக்காக ஒரு காட்டுப் பறவை சாக வேண்டியதில்ல. அந்தப் புள்ளியை நெயில் பாலிஷ் வச்சே போட்டுக்கலாம்.

இறகைத் தயார் பண்ணுறது

இனிமே ஒரு நிஜ ஃப்ளையை வச்சே பேசுவோம். பேர் ஆடம்ஸ். 1922ல் மிச்சிகன் மாநிலத்துல லெனார்ட் ஹாலடே கட்டினது. தன் நண்பர் சார்ல்ஸ் ஆடம்ஸுக்காகக் கட்டினதால அந்தப் பேர். உடம்பு சாம்பல் நிற முடி, சிறகு ரெண்டு கிரிஸ்லி இறகு நுனி, ஹாக்கிள் ஒரு பழுப்பு இறகும் ஒரு கிரிஸ்லி இறகும் கலந்து. குறிப்பா எந்தப் பூச்சி மாதிரியும் இல்ல, ஆனா பல பூச்சி மாதிரி தெரியும். அதுதான் அதோட வெற்றி.

முதல்ல அளவு. முள்ளோட வாய் அகலத்தைப் போல ஒன்றரை மடங்குல இருந்து ரெண்டு மடங்குக்குள்ள இழை நீளம் இருக்கணும். வாய் 5 மி.மீ.ன்னா இழை 7.5 மி.மீ. சுமாரா. இறகைப் பறிக்கிறதுக்கு முன்னாடியே தோலோட வளைச்சு முள்ளுக்குப் பக்கத்துல பிடிச்சுப் பார்த்துடுங்க. இறகை வளைச்சா இழைகள் விசிறி மாதிரி பிரிஞ்சு நீளம் தெரியும். பெரிசாப் போனா ஃப்ளை பொய்க்கால் குதிரை மாதிரி நிக்கும். சின்னதா இருந்தா முள் தண்ணிக்குள்ள தொங்கும். ரெண்டுல சின்னதே மேல்னு நான் சொல்லுவேன்.

அடிப்பக்கப் பஞ்சை உருவிட்டு, வெறும் தண்டு கொஞ்சம் விடுங்க. அதுக்கு மேல இன்னொரு 2 மி.மீ. இழையையும் உருவிடுங்க. வீடியோவுல இதை ஒரு நொடியில தாண்டிடுவாங்க, ஆனா எல்லாத்துக்கும் உயிர்நாடி இந்த 2 மி.மீ.தான். ஏன்னு சொல்றேன்.

இறகுத் தண்டு உருண்டை இல்ல. கொஞ்சம் தட்டை. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் முதல் யூனிட்ட நினைச்சுப் பாருங்க: ஸ்கேலைத் தட்டையா பிடிச்சு வளைச்சா வளையும், விளிம்பு வாக்குல பிடிச்சா வளையாது, வலுக்கட்டாயமா வளைச்சா படக்குன்னு திரும்பிக்கும். தண்டும் அதேதான். நீங்க கட்டின நிலையில இருந்து முதல் கால் சுத்துல அது தனக்கு வசதியான பக்கத்துக்குத் திரும்பும். அந்தத் திருப்பம் நடக்கிற இடத்துல இழை இருந்தா, அந்த இழைகள் முன்னாடியும் பின்னாடியும் துருத்திக்கிட்டு நிக்கும். வெறும் தண்டா இருந்தா திரும்பிட்டுப் போகட்டும், யாருக்கும் நஷ்டமில்ல. முதல் இழை வரும்போது தண்டு சரியான நிலையில படுத்திருக்கும்.

பழைய இறகு காஞ்சு மொறுமொறுன்னு இருந்தா பத்து நிமிஷம் தண்ணியில ஊற வைங்க. தண்டு வளைஞ்சு கொடுக்கும்.

சுத்துறது

முள்ளு மேல நூல் படுகை வழுவழுன்னு இருக்கணும். மேடு பள்ளம் இருந்தா இறகு பள்ளத்துல சறுக்கி, மேட்டுல சாயும். சிறகுக்குப் பின்னாடி தண்டை வச்சு அஞ்சாறு சுத்து நூல் போட்டுக் கட்டுங்க. முள்ளோட உச்சியில வைக்காம, உங்களைப் பார்த்த பக்கவாட்டுல வைங்க, சுத்த ஆரம்பிக்கும்போது திருப்பம் குறையும். அப்புறம் நூலை முன்னாடி கொண்டு போய் காதுக்குக் கொஞ்சம் பின்னாடி தொங்க விடுங்க. காதுன்னா ஊசிக்காது மாதிரி முள்ளுல நரம்பு கட்டுற ஓட்டை. அங்க இருந்து ஒரு காது அளவு இடம் வெறுமையா விட்டே ஆகணும். தலை கட்ட அந்த இடம் வேணும்.

இறகுக்குப் பளபளப்பு முகம் ஒண்ணு, மங்கின குழிவு முகம் ஒண்ணு. சுத்தினா இழைகள் குழிவுப் பக்கமா சாயும். குழிவு முன்னாடி பார்த்தா இழை முன்னாடி சாயும், பின்னாடி பார்த்தா பின்னாடி சாயும். மிதக்கிற ஃப்ளைக்கு எது சரின்னு அமெரிக்காக்காரங்க சண்டை போட்டுக்கிட்டே இருக்காங்க. எனக்குக் குழிவு முன்னாடி பார்க்கிறதுதான் பிடிக்கும், முன்பக்கம் கனமான முள்ளுக்கு ஊன்றுகோல் மாதிரி இருக்கு. தண்ணிக்கு அடியில போற ஃப்ளைக்கு மட்டும் விவாதமே இல்ல: குழிவு பின்னாடி.

இப்போ நுனியை ஹாக்கிள் ப்ளையர்ஸ்ல கவ்வுங்க. அது ஸ்பிரிங் வச்ச சின்ன இடுக்கி. உங்களை விட்டு விலகி மேல போய், அந்தப் பக்கம் இறங்கி, அடியில வந்து, திரும்ப உங்க பக்கம். முள்ளுக்குச் செங்குத்தாவே இருக்கணும் தண்டு. சாய்ச்சுச் சுத்தினா ஒரு சுத்து இன்னொண்ணு மேல ஏறும், ஏறின இடத்துல இழை நசுங்கும். பம்பரத்துக்குச் சாட்டை சுத்தின கைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்ல. ஒண்ணை ஒட்டி ஒண்ணு, மேல ஏறாம. இ.இ.இ. பசங்க காயில் வைண்டிங் லேப்ல செஞ்சது அப்படியே.

இழுவை எவ்வளவு? பூ தொடுக்கிற அம்மாக்களைக் கவனிங்க. இறுக்கினா காம்பு அறுந்துடும், விட்டா பூ உதிரும். அவங்க விரல்ல இருக்கிற அந்த இழுவைதான். தண்டு நேரா இருக்கணும், ப்ளையர்ஸ் வழுக்கக் கூடாது, அவ்வளவு போதும். நுனி அடிக்கடி அறுந்தா இறகோட நுனியை அரை செ.மீ. வெட்டிட்டு, கொஞ்சம் தடிச்ச இடத்துல கவ்வுங்க.

சிறகுக்குப் பின்னாடி மூணு சுத்து, முன்னாடி நாலு. ஆடம்ஸுல ரெண்டு இறகு இருக்கே? முதல் இறகைச் சுத்தும்போது மட்டும் சுத்துக்குச் சுத்து ஒரு தண்டு கனம் இடைவெளி விட்டுச் சுத்துங்க. ரெண்டாவது இறகு அந்தச் சந்துல போய் உட்காரணும். போகும்போது ப்ளையர்ஸை இடம் வலமா லேசா ஆட்டிக்கிட்டே போங்க. ஆட்டினா முதல் இறகோட இழைகள் விலகி வழி விடும், ஆட்டாம போனா அதுங்க தண்டுக்கு அடியில மாட்டிப் படுத்துக்கும். பழுப்பும் கிரிஸ்லியும் கலந்து தூரத்துல இருந்து பார்த்தா சிறகடிக்கிற பூச்சி மாதிரி ஒரு மங்கல் தெரியும். அந்த மங்கலுக்காகத்தான் இவ்வளவு பாடு.

முடிக்கிற இடம்

காதுக்கு முன்னாடி வந்தாச்சு. ஒரு கையில இறகு நுனியை மேல தூக்கிப் பிடிங்க, மறு கையில பாபினை எடுத்து நூலை மூணு சுத்து தண்டு மேல போடுங்க. பலர் பயந்து பத்து சுத்து போடுவாங்க. தேவையில்ல. உருளையைச் சுத்தின கயிறுக்குக் கேப்ஸ்டன் சமன்பாடு படிச்சோமே, ஒரு முனை இழுவை இன்னொரு முனையை விட உராய்வு எண் பெருக்கல் சுத்தின கோணம்ங்கிற அடுக்கில எக்ஸ்பொனென்ஷியலா ஏறும். உராய்வு எண் 0.3ன்னு வச்சா, ஒரு சுத்துக்கு 6.6 மடங்கு, ரெண்டுக்கு 43 மடங்கு, மூணுக்கு சுமார் 285 மடங்கு. தொங்குற பாபினோட எடையே பிடிச்சுக்கும். பத்து சுத்து போட்டா காது அடைச்சுக்கும், நரம்பு கோக்க முடியாது.

ஆனா அந்தக் கணக்குல ஒரு பொறி இருக்கு. 285ஐப் பூஜ்யத்தால பெருக்கினா பூஜ்யம்தான். பாபினை வெட்டி எடுத்துட்டா தொங்குற எடை போச்சு, பிடிப்பும் போச்சு. அதனாலதான் நூல் முனையைத் தன் சுத்துக்கு அடியிலேயே புதைக்கிற விப் ஃபினிஷ் முடிச்சு, அது மேல ஒரு சொட்டு வார்னிஷ். முடிச்சு போடுறதுக்கு முன்னாடி இழைகளை மூணு விரலால பின்னாடி வாரிப் பிடிச்சுக்கிட்டு, இறகு நுனியைத் தண்டோட ஒட்டி வெட்டிடுங்க. ஒரு இழை காதுல மாட்டியிருந்தாலும் ஆத்தங்கரையில நடுங்குற குளிர்ல நரம்பு கோக்கும்போது உங்களையே திட்டிக்குவீங்க.

வேற சுத்து முறைகள்

தண்ணிக்கு அடியில போற மென்மையான ஃப்ளைக்கு பெட்டைக்கோழி இல்லேன்னா பார்ட்ரிட்ஜ் இறகு. அதை நுனிப்பக்கமா கட்டி, இழைகளைப் பின்னாடி வாரிக்கிட்டே ஒன்றரை சுத்து, ரொம்பப் போனா ரெண்டு. அதுக்கு மேல சுத்தினா அசைவு செத்துடும்.

உடம்பு முழுக்க இடைவெளி விட்டுச் சுருளா சுத்துறது பாமர். 1957ல் அல் ட்ரோத் கட்டின எல்க் ஹேர் கேடிஸ் இப்படித்தான். இதுல ஆபத்து என்னன்னா, தண்டு உடம்பு மேல வெளியில தெரியுது, ட்ரௌட் பல்லு பட்டா அறுந்து ஒரே மீன்ல மொத்தமும் பிரிஞ்சுடும். அதுக்குத்தான் மெல்லிய கம்பியை எதிர்த்திசையில சுத்தி, ஒவ்வொரு தண்டு சுத்தையும் குறுக்கா ஒரு தடவை கட்டுறாங்க. ஒரே திசையில சுத்தினா கம்பி தண்டுக்குப் பக்கத்துலேயே ஓடும், குறுக்க வராது.

பாராசூட் முறையில ஹாக்கிள் முள்ளைச் சுத்தாது. மேல நிக்கிற சிறகுத் தூணைச் சுத்திப் படுக்கையா போகும். முதல் சுத்து மேல, அடுத்தது அதுக்குக் கீழ, அடுத்தது அதுக்கும் கீழ. மேல மேல அடுக்கினா உருவிக்கிட்டு வந்துடும். நம்ம முதல் கணக்கை நினைச்சுப் பாருங்க: இங்க இழைகள் எல்லாம் படுத்துக்கிட்டு இருக்கு, அதனால கொஞ்ச சுத்துலயே நல்லா மிதக்கும், உடம்பு தண்ணிப் பரப்போட ஒட்டி உட்காரும். 1980கள்ல நெதர்லாந்துக்காரர் ஹான்ஸ் வான் கிளிங்கன் இதை வச்சுத்தான் கிளிங்ஹாமர்ங்கிற ஃப்ளையைக் கொண்டு வந்தார்.

கென்யா, தாய்லாந்து, இலங்கைன்னு பல நாட்டுல தொழிற்சாலையில உட்கார்ந்து இதை நாள் முழுக்கக் கட்டுறவங்க இருக்காங்க. மேல சொன்ன மூணு சுத்து நாலு சுத்து கணக்கு எல்லாம் அவங்க கைக்கு யோசிக்காமலே வரும்.

கட்டி முடிச்சதும் ஒரு டம்ளர்ல தண்ணி எடுத்துக்கோங்க. அரை அடி மேல இருந்து ஃப்ளையை விடுங்க. ஒரு பக்கமா சாஞ்சா அந்தப் பக்கம் இழை குறைவுன்னு அர்த்தம், முதல் சுத்துல தண்டு திரும்பியிருக்கும். மூக்கு குத்திக்கிட்டு நின்னா முன்பக்கச் சுத்து போதல. பின்னாடி மூழ்கினா வால் மெலிசு. வால் நுனியும் ஹாக்கிளும் ஒண்ணா தண்ணியைத் தொட்டு, முள்ளோட அடி மட்டும் பரப்பை உரசிக்கிட்டு நின்னா சரி. அதை எடுத்து ஊதிக் காய வச்சு டப்பாவுல போடுங்க, அடுத்த முள்ளை வைஸ்ல மாட்டுங்க.